அண்ணனின் துண்டைப் போட்டு மூடிய குழம்பு

எங்கள் வீட்டு மைக்ரோ ஓவன் இரண்டு வருடம் அரிசி டின்னுக்கு முக்காலியாக இருந்தது. அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. பெட்டியின் நெற்றியில் வைத்த மஞ்சளும் குங்குமமும் அப்படியே காய்ந்து கிடந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் "உள்ள என்னா இருக்கு?" என்று கேட்டால், "எங்கண்ணன் திமிரு இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

அண்ணன் எனக்கு நாலு வயது மூத்தவன். நாங்கள் பிறந்தது ஜெயமங்கலம். அவன் வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் பார்க்கிறான். நான் தேனியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று அண்ணன் பிறந்த வீட்டுச் சீர் கொண்டுவந்தான். முன்னால் கொட்டு, அதன் பின்னால் பழத்தட்டு, பூத்தட்டு, பட்டுச்சேலை, ஆளுயரக் குத்துவிளக்கு. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு ஆள் தலையில் சும்மாடு கட்டி இந்தப் பெட்டியைச் சுமந்து வந்தார். தெருவில் நின்ற பெண்களில் பாதிப் பேர் டிவி என்றார்கள், மீதிப் பேர் பணப்பெட்டி என்றார்கள். அண்ணன் நடுத்தெருவில் நின்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"இது சோறு சூடு பண்ற மிசினு. எந்தங்கச்சி வேலைக்குப் போறவ. வீட்டுக்கு வந்து ஆறுன சோத்தத் திங்கக்கூடாதுன்னு வாங்குனேன்."

ஊரே கேட்க அப்படிச் சொன்னவனுக்கு அன்று மத்தியானக் கறிவிருந்தில் நான் ஆறிப்போன குழம்பை ஊற்றினேன்.

வேண்டுமென்றா செய்தேன்? நடந்தது இதுதான். எங்கள் பக்கத்து விருந்தில் முதல் பந்தி எழுந்திருக்கும்போதே நல்ல கறி எல்லாம் போய்விடும், மூன்றாம் பந்திக்கு எலும்புதான் மிஞ்சும். அண்ணன் வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டு கடைசியில்தான் உட்காருவான் என்று எனக்குத் தெரியும். அதனால் காலையில் முதல் அண்டா இறங்கியதுமே சதையும் நெஞ்செலும்புமாகப் பொறுக்கி, ஒரு தூக்குவாளி நிறைய எடுத்து, மாடிக்குக் கொண்டுபோய் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நாளெல்லாம் திரிந்தேன். அவன் உட்கார்ந்தபோது மணி இரண்டரை. ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்து நானே என் கையால் ஊற்றினேன். கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. அவன் ஒரு வாய் வைத்தான், உதட்டைத் தடவிப் பார்த்தான், இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் போய்ச் சமாதானம் சொல்லியிருப்பேன். போகிற வழியில் யாரிடமோ, "சீர் கொண்டாந்தவனுக்குப் பழசப் போட்டு அனுப்புறாக" என்று சொல்லியிருக்கிறான். பழசாம்! அந்தச் சொல் பொழுது சாய்வதற்குள் என் காதுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு வந்த கோபத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். உனக்கென்று பூட்டி வைத்ததுடா அது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விவகாரம். சொல்லமாட்டேன், கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டேன் என்று இருந்துவிட்டேன். அவனும் கேட்கவில்லை. இரண்டு வருடம் போயிற்று. நான் கடையில் பூண்டு வாங்கும்போதுகூட, "இது வடுகபட்டிச் சரக்கா?" என்று கேட்டு, இல்லையென்றால்தான் வாங்குவேன். "இந்த ஜில்லாவுல எந்தப் பூண்டத் தொட்டாலும் அது வடுகபட்டி வழியாத்தான் வந்துருக்கும். கடைக்காரன் உன்னைய ஏமாத்துறான்" என்பார் வீட்டுக்காரர். ஏமாந்தாலும் பரவாயில்லை, எனக்கு என் ரோஷம் பெரிது.

இந்த நிலையில் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. எங்களுக்குள் தாய்மாமன் வந்து மாலை போட்டுக் கைபிடித்து அழைத்துப் போகாமல் பெண் மணவறைக்குப் போகமாட்டாள். மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி ஒரே வார்த்தையில் முடித்தாள்: "மாமா வரலைன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்மா. உங்க சண்டைய நீங்களே கட்டிக்கங்க." வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு மூன்று தடவை வடுகபட்டிக்குப் போனார். முதல் தடவை அண்ணன் கடையில் இல்லை. இரண்டாம் தடவை இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னான். மூன்றாம் தடவைதான் வாயைத் திறந்தான்.

"ஞாயித்துக்கிழம வாரேன் மாப்ள. அவ கையால ஒரு வா சோறு திங்கிறேன். மத்தத அப்புறம் சொல்றேன்."

அந்த ஒரு வாய்ச் சோற்றில்தான் கல்யாணம் தொங்குகிறது. எனக்குக் கல்யாணத்தை நினைத்துப் பயமா, அண்ணனை நினைத்து ஆசையா என்று எனக்கே விளங்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் எழுந்து நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தேன். மசாலாவை அம்மியில்தான் அரைத்தேன். முட்டை அவித்தேன், ரசம் வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். பன்னிரண்டுக்குக் குழம்பு கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஆள் வரவில்லை. ஒரு மணிக்கு மறுபடி சூடு பண்ணினேன். இரண்டுக்கு இன்னொரு தடவை. அவன் வருகிற நிமிடத்தில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்திருந்தது. இரண்டே முக்காலுக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். தீ ஒரு தடவை நீளமாக எழுந்தது, சுருங்கியது, புஸ் என்று அணைந்தது.

கேஸ் தீர்ந்துபோயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"இன்னொரு சிலிண்டர் எங்க?" என்று கத்தினேன். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவசரம் என்று கேட்டார்களாம், இவர் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு சுருளி அருவியில் குளிக்கப் போயிருந்தார்கள். வாசலில் பைக் சத்தம் கேட்டது.

அண்ணன் வெள்ளையும் சள்ளையுமாக இறங்கினான். தோளில் ஜரிகைக்கரைத் துண்டு. அது சாதாரணத் துண்டு இல்லை. போன திருவிழாவில் குலசாமி கோயிலில் பூசாரி அவன் தலையில் கட்டிவிட்ட துண்டு. கல்யாணம், பஞ்சாயத்து என்றால்தான் அதை எடுப்பான். அதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்றால் அண்ணனாக வரவில்லை, பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"வாண்ணே" என்றேன்.

"ம்" என்றான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவன் துண்டை எடுத்துச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் போட்டுவிட்டுக் கொல்லைக் குழாயில் கால் கழுவப் போனான். இதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்போது நான் அடுப்படியில் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல வேளையாக அண்ணனுக்கு ஒரு போன் வந்தது. பூண்டு லோடு ஒன்று வழியில் நின்றுவிட்டதாம். கொல்லையில் வாழைமரத்துக்கும் முருங்கைக்கும் நடுவில் நடந்துகொண்டே அவன் போனில் யாரையோ வைதுகொண்டிருந்தான்.

"பெட்டியப் பிரிங்க" என்றேன்.

"எந்தப் பெட்டிய?"

"அவன் குடுத்த பெட்டியத்தேன். வெரசா!"

அரிசி டின்னை இறக்கினோம். அட்டையைக் கிழித்தோம். உள்ளே வெள்ளைவெளேரென்று அது உட்கார்ந்திருந்தது. கூடவே ஒரு புத்தகம். அங்கேதான் பிடித்தது சனி. என் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்காரர். தலைவலி மாத்திரைக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூட முதலிலிருந்து கடைசி வரை படிக்கிற மனிதர். புத்தகத்தைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதில் ஏழெட்டு மொழி இருந்தது, தமிழ் இல்லை. இவர் இங்கிலீஷைப் படித்து, மனசுக்குள் தமிழாக்கி, கடையில் "சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு" என்று சொல்கிற அதே குரலில் எனக்கு ஓதினார்.

நான் அதற்குள் குழம்பைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு எவர்சில்வர் தட்டைப் போட்டு மூடி உள்ளே தள்ளியிருந்தேன். எங்கள் வீடுகளில் எதையும் திறந்து வைக்கிற பழக்கம் இல்லை. பாலோ, மோரோ, குழம்போ, சும்மா வைத்த தண்ணீரோ, மேலே ஒரு தட்டு விழுந்தே ஆக வேண்டும். கை தானாகவே போய்விடும்.

"ஏ, எடு எடு! இரும்பு, எவர்சில்வர், எதுவும் உள்ள போகக்கூடாதாம்!" என்று அவர் பாய்ந்து என் கையைப் பிடித்தார்.

"அப்ப எதப் போட்டு மூடுறதாம்?"

"பொறு. அது பதினெட்டாம் பக்கம்."

பதினெட்டாம் பக்கம் வரைக்கும் பொறுக்கிற ஜாதகம் எனக்கு இல்லை. மூடாமலே உள்ளே வைத்தேன். குழம்புக்குள் இரண்டு அவித்த முட்டையும் போட்டிருந்தேன், அண்ணனுக்குக் குழம்பில் ஊறின முட்டை பிடிக்கும். குமிழைத் திருகினேன். உள்ளே விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது. பரவாயில்லையே என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளே டமார் என்று ஒரு முட்டை வெடித்தது. கதவைத் திறந்தால் மேல், கீழ், பக்கம் எல்லாம் மஞ்சள் கருவும் மிளகாய்க் குழம்பும். கிண்ணத்தில் அரைக் கரண்டி மிஞ்சியிருந்தது.

"இந்தா போட்டுருக்கே, முழு முட்டைய வைக்கக்கூடாது, மூடாம வைக்கக்கூடாதுன்னு" என்றார் வீட்டுக்காரர், மெச்சிக்கொள்கிற குரலில்.

"வெடிச்சதுக்கு அப்புறம் படிங்க! நல்லாப் படிங்க!"

அடுத்து, மகள் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவில் குழம்பை ஊற்றி, நாலு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கி மூடினேன். இனி எப்படித் தெறிக்கும், பார்க்கிறேன். தெறிக்கவில்லை. மூடி பூரி மாதிரி உப்பிக்கொண்டே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "ஆவி போக வழி விடணுமாம்..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே டப்பென்று மூடி பிய்த்துக்கொண்டு மேலே மோதியது. கதவு மட்டும் இல்லையென்றால் என் மூக்கு போயிருக்கும். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளேகூடக் கை போகாது என்று சொல்வார்கள். எனக்கு டப்பாவுக்குள் குழம்பு நிற்கவில்லை. சட்டியில் இன்னும் இரண்டு கிண்ணத்துக்குத்தான் மிச்சம். கொல்லையில் அண்ணனின் குரல் இறங்கிக்கொண்டு வந்தது. போன் முடியப் போகிறது.

"கெடைச்சிருச்சு!" என்று வீட்டுக்காரர் விரலை உயர்த்தினார். "பருத்தித் துணிய நனைச்சுப் பிழிஞ்சு மேலாப்புல போடலாமாம். ஆவியும் போகும், தெறிக்காது."

கரித்துணி எல்லாம் கரித்துணியாகத்தான் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். சாப்பாட்டு மேசை நாற்காலியில் வெள்ளைவெளேரென்று ஒரு பருத்தித் துண்டு. என் வீட்டுக்காரருக்கும் கல்யாணம் காட்சியில் இப்படி வெள்ளைத் துண்டு போடுவார்கள், வீட்டில் ஏழெட்டுக் கிடக்கும். எடுத்தேன், குழாயில் நனைத்தேன், பிழிந்தேன், கிண்ணத்தின் மேல் போட்டு நாலு முனையையும் அழகாகச் சொருகினேன். கரையில் ஏதோ மினுக்கியது. மினுக்கட்டுமே, நமக்கென்ன?

திருகியதுதான் தாமதம். சடசடசடவென்று உள்ளே நீலமும் மஞ்சளுமாகப் பொறி பறந்தது. ஜரிகை ஓடிய இடமெல்லாம் பொறி. துணி பொசுங்கிய நாற்றம் அடுப்படியை நிறைத்தது. வீட்டுக்காரர் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினார்.

"என்னாத்தா, உள்ள வெடி போடுறீகளா?" என்றபடி அண்ணன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

நான் துண்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதிலிருந்து குழம்பு சொட்டுச் சொட்டாக என் குதிகாலில் விழுந்தது. அவன் நாற்காலியைப் பார்த்தான். நாற்காலி காலி. என் காலைப் பார்த்தான்.

"குடு" என்றான்.

கொடுத்தேன். ஜரிகைக்கரை நெடுகக் கருகியிருந்தது. நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஓட்டை. மற்ற இடமெல்லாம் மிளகாய்ச் சிவப்பு.

"சாமி கட்டிவிட்ட துண்டு" என்றான் அண்ணன்.

"அண்ணே, அவுக துண்டுன்னு நெனச்சு..."

"சாமி துண்டுத்தா."

ஆத்தி! திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் திட்டவில்லை. அந்த ஈரத் துண்டை உதறி, ஓட்டையோடு, குழம்போடு, அப்படியே தோளில் போட்டுக்கொண்டான். வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. திரும்பினான். செருப்பு கிடந்த வாசலைப் பார்த்து நடந்தான். போச்சு, மகள் கல்யாணம் போச்சு, அண்ணனும் போயிட்டான் என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் செய்த ஒரு காரியத்துக்காக, அவர் சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்ததை நான் மன்னித்துவிட்டேன். முன்னமே வெட்டி வைத்திருந்த வாழையிலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மேசையில் விரித்தார். சொம்புத் தண்ணீரைத் தெளித்தார்.

"மச்சான், எல போட்டாச்சு!"

இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு சாப்பிடாமல் போகிறவன் எங்கள் பக்கத்தில் ஜென்மப் பகையாளிதான். அண்ணன் இலையைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். மறுபடி இலையைப் பார்த்தான்.

"வெரசாப் போடச் சொல்லுங்க மாப்ள. எனக்குச் சோலி கெடக்கு" என்று உட்கார்ந்தான்.

சோறு ஆறித்தான் இருந்தது, அதைச் சூடு பண்ண நேரமில்லை. குழம்பு மட்டுமாவது கொதிக்கட்டும். கடைசிக் கிண்ணம். நுனி இலை அண்ணனுக்குப் போய்விட்டது. வெட்டிப்போட்ட அடி இலைத் துண்டு மேடையில் கிடந்தது. அதை எடுத்துக் கழுவி, கிண்ணத்தின் மேல் தளர்வாகப் போட்டு, ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிவிட்டேன். ஆவி போக வழி இருக்கிறது, தெறித்தாலும் இலையோடு போகும், இரும்பும் இல்லை, ஜரிகையும் இல்லை. இந்த அறிவு முதலிலேயே வந்திருக்கக் கூடாதா?

"மூணு நிமிசம் போதும். எடுத்ததும் ரெண்டு நிமிசம் சும்மா வச்சிருக்கணும். கலக்கிவிட்டுத்தான்..." வீட்டுக்காரர் மறுபடி புத்தகத்தோடு வந்து நின்றார்.

"அந்தப் புஸ்தகத்தத் தூக்கி அடுப்புல போடுங்க."

"அடுப்புதான் எரியலையே."

நான் எட்டு நிமிடத்துக்குத் திருகினேன். ஆறினது என்ற பேச்சு இந்த ஜென்மத்தில் மறுபடி வரக்கூடாது. இந்தத் தடவை வெடிக்கவில்லை, பொறி பறக்கவில்லை. எடுத்து இலையைத் தூக்கினேன். குப்பென்று கிளம்பிய ஆவியில் எட்டிப் பார்த்த வீட்டுக்காரரின் கண்ணாடி வெளுத்துப்போய், "ஆ" என்று பின்னால் போனார். ஆனால் ஆவி ஒரு வீச்சோடு நின்றுவிட்டது. குழம்புக்கு மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது, கொதிப்பும் இல்லை, புகையும் இல்லை. ஐயோ, இன்னும் சூடாகவில்லையோ என்றுதான் எனக்குத் தோன்றியது. எண்ணெய் மூடிய குழம்பில் சூடு வெளியே தெரியாது என்பது எத்தனை வருடமாகச் சமைக்கிற எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

ஓடினேன். ஆறிய சோற்றைப் போட்டேன். அதன் நடுவில் குழி பறித்து, கிண்ணத்தில் தேடிப் பிடித்து முழு ஈரலை எடுத்து வைத்தேன். கொஞ்சம் குழம்பு விட்டேன். "சாப்புடுண்ணே" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றேன்.

அவன் ஈரலைச் சோற்றுக்குள் பொதிந்து உருட்டினான். வெளியே சோறு ஆறியிருந்ததால் விரலுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பெரிய கவளம். வாய்க்குள் போட்டான். கடித்தான்.

அண்ணன் முகம் சிவந்தது. கண் விரிந்தது. பிறகு இரண்டு கண்ணிலும் தண்ணீர் தளும்பிக் கன்னத்தில் இறங்கியது. வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். மேசையை உள்ளங்கையால் தட்டினான். எங்கள் அப்பா செத்த அன்றுகூட அழாதவன் என் அண்ணன். எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது.

"அழாதண்ணே" என்று அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். "எம்மேலதேன் தப்பு. அது பழசு இல்லண்ணே. சத்தியமாப் பழசு இல்ல. உனக்குன்னு மொத அண்டாவுலருந்து எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டுனேன். சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுத் திரிஞ்சேன். பூட்டி வச்ச கறி ஆறாம என்னா செய்யும்? நீ பழசுன்னு சொல்லிட்டியேன்னு வீம்புல இருந்துட்டேண்ணே."

"ம்ம்! ம்ம்ம்!" என்றான் அண்ணன்.

"போதும் விடுன்னு சொல்றியா? விடமாட்டேண்ணே. இன்னைக்குச் சொல்லித்தேன் தீருவேன்."

அவன் கையை உருவப் பார்த்தான். பாசத்தில் இழுக்கிறான் என்று நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சோற்றுக் கையை நீட்டி எதையோ காட்டினான், அதையும் பிடித்துக்கொண்டேன். என் கண்ணீர் அவன் இலையில் விழுந்தது. வீட்டுக்காரர் ஒரு பக்கம் நின்று, ஆவி பிடித்த கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஏம்மா, கைய விடு. மச்சானுக்கு வாய் வெந்துபோச்சு. தண்ணிச் சொம்பக் காட்டுறாக" என்றார்.

அடிப்பாவி! விட்டேன். அவன் சொம்போடு கவிழ்த்துக் குடித்தான். நான் ஓடிப்போய்த் தயிர்ச் சட்டியைக் கொண்டுவந்தேன். அண்ணன் ஒரு கரண்டித் தயிரை வாயில் வைத்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரைந்ததும் அடுத்த கரண்டி. வீட்டுக்காரர் கடைக்குப் போய் வாய்க்குத் தடவ மருந்து எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார். எங்கள் அண்ணன் கால் மணி நேரம் தொடர்ந்து பேசாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அதை நான் வீணாக்கவில்லை. மாடிப்படியில் அழுததிலிருந்து பூண்டுக்கடையில் ஏமாந்தது வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டினேன். அவன் தயிரை விழுங்கி விழுங்கிக் கேட்டான்.

கடைசியில் நாக்கைப் பல்லில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, "பீரோவுலயா வச்ச?" என்று கேட்டான்.

"ஆமா."

"கறியவா?"

"நீ கொண்டாந்த பட்டுச்சேலைக்குப் பக்கத்துலதேன் வச்சேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வாய் வலித்தது. "ஸ்ஸ்... ஏத்தா, சிரிக்க வைக்காத" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். தோளில் ஓட்டைத் துண்டும் கூடவே குலுங்கியது.

"கல்யாணத்துக்கு வருவியாண்ணே?" என்று கேட்டேன்.

"மாலைக்குப் போன வாரமே சொல்லிவச்சுட்டேன்."

"அப்பறம் எதுக்கு இம்புட்டுப் பவுசு? ஒரு வா சோறு, மத்ததெல்லாம் அப்புறம்னு?"

"அப்புடியே வந்துட்டா எனக்கு மருவாதி என்னாத்துக்கு ஆகும்?" என்றான். ஒரு கரண்டித் தயிர் எடுத்துக்கொண்டான். "அதுவும் ஈரலப் போட்டியே. எனக்குச் சின்னதுலருந்து ஈரல் ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா? அப்பா போடப் போட ஒந் தட்டுக்குத்தான தள்ளுவேன்."

எனக்குத் தெரியாது. எனக்கு ஈரல் பிடிக்கும் என்பதால் விட்டுக்கொடுக்கிறான் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நன்றிக்கடனைத்தான் அன்று முழுசாக எடுத்து அவன் இலையில் வைத்தேன். வெட்கத்தில் எனக்குக் கோபம் வந்தது.

"புடிக்கவும் புடிக்காது, அம்புட்டுச் சூடு வேற. துப்பித் தொலையக் கூடாதா? முழுங்கி எதுக்கு இப்புடி வாயப் புண்ணாக்கிக்கிட்ட?"

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ எதுர்லயே பாத்துக்கிட்டு நின்னியே, ஆத்தா" என்றான். "ரெண்டு வருசங் கழிச்சு ஒங் கையால போட்ட மொத வாயி. அத எப்புடித் துப்புறது?"

சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவன் இலையில் இருந்த குழம்பை ஒதுக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் தயிர் ஊற்றினேன்.